சிகிச்சை முடிந்த பிறகு வரும் பயம்

கடைசி கீமோ முடிந்து, "இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. புற்றுநோயிலிருந்து மீண்ட பலருக்கு அன்றுதான் மனக்கலக்கம் தொடங்குகிறது. அதுவரை அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்று நாள் ஓடியது. உட்கார்ந்து பயப்பட நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது. கவனித்துக்கொண்டிருந்த செவிலியர்தான் பக்கத்தில் இல்லை.

மறுபடி வந்துவிடுமோ?

அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் தாமே புற்றுநோயிலிருந்து மீண்டவர். சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தைத் தனியொரு பருவமாகப் பிரித்து 1985இல் எழுதினார். அந்தப் பருவத்தை ஆட்டிவைப்பது நோய் திரும்பிவிடுமோ என்ற பயம்தான் என்றார். சாதாரண முதுகுவலி வந்தாலும் மனம் அங்கேதான் ஓடும். ஸ்கேன் தேதி நெருங்கினால் தூக்கம் போகும். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை சோறு இறங்காது. இதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிராபத்தைக் கண்டு வந்த மனம் விழிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

துயரமும் வளர்ச்சியும்

ஸ்கேன் தேதிக்குப் பயப்படும் அதே மனிதர்தான், "முன்பெல்லாம் சின்ன விஷயத்துக்கும் சண்டை போடுவேன், இப்போது மனசு வருவதில்லை" என்கிறார். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற உளவியலாளர்கள் இத்தகைய மாற்றத்தை அளக்க 21 கேள்விகள் கொண்ட அளவுகோலை 1996இல் வெளியிட்டார்கள். உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள், மனவலிமை, ஆன்மிகம், வாழ்வின் அருமை ஆகிய ஐந்தையும் அது பார்க்கிறது. இந்த வளர்ச்சியை நோய் தருவதில்லை. நோயோடு மனம் நடத்தும் போராட்டத்தில் அது பிறக்கிறது என்பது அவர்கள் கருத்து. வளர்ச்சி வந்துவிட்டதால் துயரம் போய்விடாது. இரண்டும் ஒரே மனதில், ஒரே நாளில்கூட இருக்கும்.

"தைரியமாக இரு" போதாது

எப்போதும் நல்லதையே நினைக்கச் சொல்லி நோயாளியை நெருக்குவது கொடுமை என்று, புற்றுநோய் உளவியலுக்கு வித்திட்ட ஜிம்மி ஹாலண்ட் வலியுறுத்தினார். எனக்கும் அது முழுக்கச் சரியென்றே படுகிறது. அழுதால் நோய் திரும்பிவிடும் என்று பயந்து அழுகையை அடக்குபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பேச விடுங்கள். அறிவுரை சொல்லாமல் கேளுங்கள்.

எப்போது உதவி தேவை?

கடந்த ஒரு வாரத்து மனவேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லும் எளிய முறை மருத்துவமனைகளில் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல ஆலோசனை தேவையா என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பயத்தால் செக்கப்பையே தள்ளிப்போடுவது என்றிருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.