ஒரு தொன் உப்பில் 50 கிராம்

கடையில் சாமான் வாங்கும்போது பொதியைத் திருப்பி ஹலால் இலச்சினையையும் காலாவதித் திகதியையும் பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் வந்துவிட்டது. நல்ல விடயம். ஆனால் உப்புப் பொதியை மட்டும் யாரும் திருப்புவதில்லை. உப்பில் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான்.

பார்க்க நிறையவே இருக்கிறது. நமது குடாநாட்டின் வாசலில் இருக்கும் ஆனையிறவு உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். கடல்நீர் வெயிலில் வற்றும்போது எல்லா உப்புகளும் ஒன்றாகப் படிவதில்லை. கறியுப்புக்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும். நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 25 பாகைக்கு வந்த பின்னரே கறியுப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகையை நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மகனீசிய உப்புகளும் சேர்ந்து, உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உங்கள் உப்புப் போத்தல் தண்ணீர் விடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆக, தரக்கட்டுப்பாடு ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்பே, பாத்தியில் ஒரு நீரமானியோடு தொடங்கிவிடுகிறது.

அந்த உப்பை நம்பித்தான் பக்கத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. உப்புநீரை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அங்கே உப்புநீரில் கல்சியமும் மகனீசியமும் மிஞ்சினால் மின்பகுப்பே கெட்டுவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு தொன் எரிசோடா எடுத்தால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கிட்டத்தட்ட 0.89 தொன் குளோரின் கூடவே வரும். அதை விற்க வழியில்லாவிட்டால் எரிசோடாவையும் நிறுத்த வேண்டியதுதான். ஆகவே ஐதரோக்குளோரிக் அமிலம் போன்ற அடுத்த பொருட்களைச் செய்வது அத்தகைய ஆலைக்கு ஆடம்பரமல்ல, உயிர்ப்பிரச்சினை. போர் அந்தத் தொழிற்சாலையை முடக்கியது. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினைப் பின்னர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. 2025 தொடக்கத்தில் உப்பையே இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்த நாடு இது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இனி அயடினுக்கு வருவோம். 1995 முதல் இலங்கையில் உண்ணும் உப்புக்கு அயடின் சேர்ப்பது கட்டாயம். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. குறைந்தால் கழுத்துக் கழலை மட்டுமல்ல, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயடின் இருந்தால், 5 கிராம் உப்பில் சரியாக 150 மைக்ரோகிராம் கிடைக்கும். அதற்கு ஒரு தொன் உப்புக்குச் சுமார் 50 கிராம் பொட்டாசியம் அயடேற்று போதும்.

கஷ்டமே இந்த இடத்தில்தான். 1,000 கிலோவில் ஒரு கைப்பிடியை எல்லாப் பக்கமும் சமமாகக் கலப்பது எப்படி? கரைசலாக்கித் தெளித்தாலும், கலவை சரியில்லையென்றால் ஒரு பொதியில் அளவு மிஞ்சும், அடுத்ததில் ஒன்றுமே இராது. ஒரு பொதியைச் சோதித்து முழு மூட்டைக்கும் சான்றிதழ் கொடுப்பது ஏமாற்று வேலை என்பேன். வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும்.

சோதனை பெரிய வித்தையல்ல. உப்புக் கரைசலில் ஐதான அமிலமும் பொட்டாசியம் அயடைட்டும் மாப்பொருள் கரைசலும் சேர்த்தால் நீலம் வரும். அந்த நீலம் மறையும்வரை சோடியம் தயோசல்பேற்றை அளந்து விட்டால் அயடினின் அளவு தெரிந்துவிடும். உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எதிலும் இதைச் செய்யலாம். நமது பாடசாலைகள் பிள்ளைகளிடம் வீட்டு உப்பில் ஒரு கரண்டி கொண்டுவரச் சொல்லி இதைச் செய்துபார்க்கட்டும். நீலமே வராத உப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடமும் ஒன்று: உப்பு மூட்டையை வெயிலிலும் ஈரத்திலும் அடுக்காதீர்கள், ஆலையில் சரியாகச் சேர்த்த அயடினும் அங்கே குறைந்துவிடும். வீட்டில் மூடியுள்ள போத்தலில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.