சுடுகாட்டு மல்லியும் பெர்க்லி ஈஸ்ட்டும்



கான்ட்ராக்ட் வேலைக்காக நான் இப்போ ஃப்ரீமான்ட்ல இருக்கேன். நியூ ஜெர்சியில இருந்து அம்மா வந்திருந்தப்போ ஹோம் டிப்போ போனோம். அங்கே ‘வின்கா’ன்னு ஒரு பூச்செடியை அடுக்கி வெச்சிருந்தாங்க. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. “டேய், இது நம்ம நித்தியகல்யாணி! ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்வோம். இதைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?”

வாங்குவாங்க அம்மா. அதுவும் புற்றுநோய்க்கு.

குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்குக் கொடுக்கிற வின்பிளாஸ்டின் ரெண்டுமே இந்தச் செடியோட இலையில இருக்கு. ஒரு செல் ரெண்டா பிரியும்போது குரோமோசோம்களை இழுக்க நுண்குழாய்கள் உருவாகணும். இந்த மூலக்கூறுகள் அதைத் தடுத்துடும். செல் பிரிய முடியாம செத்துப்போகும். (அதனாலதான் இலையை வீட்டுல கஷாயம் போட்டுக் குடிக்கக் கூடாது. இது விஷம்.)

இதைக் கண்டுபிடிச்ச கதையே ஒரு பக் ரிப்போர்ட் மாதிரி. சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு ஜமைக்காவிலிருந்து 1952ல் கொஞ்சம் இலை கனடாவுக்கு வந்தது. ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையலை, வெள்ளை அணுக்கள் குறைஞ்சது. ‘வேலை செய்யலை’ன்னு டிக்கெட்டை மூடாம, அவரும் வேதியியலாளர் சார்லஸ் பியரும் தோண்டினாங்க. 1958ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அமெரிக்காவில் 1963ல் வின்கிரிஸ்டினுக்கு அனுமதி கிடைத்தது.

பிரச்சினை அளவுதான். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேணும். வின்கிரிஸ்டினை இலையிலிருந்தே நேரா எடுக்கணும்னா சுமார் 2,000 கிலோ. பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமான உச்ச வரம்பு 2 மில்லிகிராம். கணக்குப் போட்டா ஒரு ஊசிக்கு 4 கிலோ இலை!

அப்போ ஆய்வகத்திலேயே செய்யலாமே? ஜப்பானில் ஃபுகுயாமா குழு 2002ல் வின்பிளாஸ்டினை முழுசா தொகுத்துக் காட்டியது. ஆனா 46 கார்பன் அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறைப் படிப்படியா கட்டுறது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. செடி செய்யுற வழியையே காப்பி அடிக்கலாம்னா, அதோட சோர்ஸ் கோடு முழுசா கையில இல்லை. விடுபட்ட கடைசி என்சைம்களை இங்கிலாந்தில் சாரா ஓ’கானர் குழு 2018ல்தான் வெளியிட்டது.

அதுக்கப்புறம் 2022ல் பெர்க்லியில் ஜே கீஸ்லிங் குழு அந்த வழியை ஈஸ்டுக்குள்ள போர்ட் பண்ணியது. 56 மரபணு மாற்றங்கள், அதில் செடிகளிலிருந்து வந்த 34 ஜீன்கள், சுமார் 30 படிகள். ஈஸ்ட் விண்டோலின், கேத்தரந்தின்ங்கிற ரெண்டு பாதிகளைச் செய்யும். அதை வேதியியல் முறையில் இணைச்சா வின்பிளாஸ்டின். அபாரமான வேலை. ஆனா அந்தப் பாதிகள் ஒவ்வொண்ணும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட வரலை. டெமோ ஓடுது, புரொடக்‌ஷன் இன்னும் தூரம்.

புரொடக்‌ஷனுக்குப் போனாலும் ஜெயிக்கணும்னு இல்லை. இதே கீஸ்லிங் குழு மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினினுக்கான மூலப்பொருளை ஈஸ்டில் செய்தது. 2013ல் சனோஃபி பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. செடியிலிருந்து வந்த சரக்கு கிலோ 250 டாலருக்கும் கீழே போச்சு. ஈஸ்ட் சரக்கு 350க்கு மேல. 2015ல் சனோஃபி அதைத் தயாரிக்கவே இல்லை. அந்தப் போட்டியில செடிதான் ஜெயிச்சது.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. 2019ல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்து, குழந்தைகளுக்கு மருந்தைப் பங்கு போட வேண்டியதாச்சு. அப்போ நடந்தது என்ன? டெவா விலகிடுச்சு, மிச்சமிருந்த ஒரே சப்ளையர் ஃபைசர், அங்கே தாமதம். நம்ம பாஷையில ‘சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்’. அதை 34 ஜீன் சரிபண்ணாது; இன்னும் ரெண்டு சப்ளையர் இருந்திருந்தா சரியாகியிருக்கும்.

ஈஸ்ட் வேணாம்னு சொல்லலை. மழை, பூச்சி, நிலம் எதையும் நம்பாம இன்னொரு மூலம் இருக்கிறது நல்லதுதான். ஆனா தமிழ்நாட்டுல வறண்ட நிலத்தில் இதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவெச்சு விற்கிறவங்க இருக்காங்க. ‘செடி காலம் முடிஞ்சது’ன்னு யாராவது ஸ்லைடு போட்டா, அவங்களையும் சேர்த்துத்தான் எழுதி மூடுறாங்க. ரெண்டு மூலமும் இருக்கணும். பேக்கப் வந்ததுக்காக யாரும் சர்வரைத் தூக்கிப் போடறதில்லையே.

அம்மா கடைசியில ரெண்டு தொட்டி வாங்கிட்டாங்க. பால்கனியில பூத்திருக்கு. உங்க வீட்டுல பாட்டி இதுக்கு என்ன பேர் சொல்வாங்க? கேட்டு எழுதுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.