சூளைக்கே வந்த பள்ளிக்கூடம்!

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கும். வாசலில் லோடு லோடாகச் செங்கல். அந்தக் கல்லை அறுப்பது யார் தெரியுமா?

திருவள்ளூர் மாவட்டச் சூளைகள் பலவற்றில் வேலை செய்வது ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டக் குடும்பங்கள். புது அரிசி உண்ணும் நுவாகாய் பண்டிகை முடிந்த பிறகு, தரகரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் குடும்பமே மண் பிசையும்.

ஊரில் பள்ளி நடக்கும் மாதங்களில் பிள்ளைகள் சூளையில் இருப்பார்கள். அப்படியானால், படிப்பு?

இதற்காக இரண்டு மாநிலங்களும் கைகோத்தன. தமிழகத்தின் அனைவருக்கும் கல்வி இயக்கம், திருவள்ளூர் சூளைகளிலேயே பணியிடப் பள்ளிகளைத் தொடங்கியது. ஒடிசா அரசு ஒடியா பாடப்புத்தகங்களைக் கொடுத்தது. ஒடியா தெரிந்தவர்கள் பாடம் எடுத்தார்கள். ஊரிலேயே தங்கும் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதிகளையும் ஒடிசா நடத்தியது.

சூளையில் மட்டுமல்ல, நம் தெருவில் வீடு கட்டும் இடத்திலும் மணல் குவியலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்கு டி.சி. இல்லை என்று பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெற்றோருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வீடு கட்டுபவர்கள் ஒரு வார்த்தை சொல்லலாமே!