புயலுக்குப் பிந்தைய தன்னார்வத் துப்புரவுப் பணி

புயலுக்குப் பிந்தைய தன்னார்வத் துப்புரவுப் பணி என்பது, புயலும் வெள்ளமும் விட்டுச்செல்லும் சேறு, முறிந்த மரங்கள், குப்பை, தேங்கிய நீர் ஆகியவற்றை ஊர் மக்கள் தாமாக முன்வந்து அகற்றும் பணியாகும். தூய்மைப் பணியாளர்கள் எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நேரத்தில் செல்ல இயலாத முதல் சில நாட்களில் இப்பணி பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் முறையறியாமல் இறங்கினால், இது பணி செய்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மரக்காணம் கடற்கரை

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்திலுள்ள கூனிமேடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ளது. துப்புரவுத் தேவை புயலுக்குப் புயல் மாறும் என்பதை இப்பகுதியைத் தாக்கிய இரு புயல்கள் காட்டுகின்றன.

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் பலத்த காற்றே பெருஞ்சேதம் விளைவித்தது. இத்தகைய புயலுக்குப் பின் சாய்ந்த மரங்களை அகற்றி வழி ஏற்படுத்துவதே முதல் வேலை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மெதுவாக நகர்ந்ததால் கனமழை கொட்டியது. கூனிமேட்டுக்கு மேற்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது, மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய மழைக்குப் பின் வடிகால் அடைப்பை நீக்குவதும் சேற்றை வாருவதும் முந்துகின்றன.

பணியின் வரிசை

1. மின்சாரம்: மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை மின்வாரியப் பணியாளர் உறுதிசெய்யும் வரை, அறுந்த கம்பி கிடக்கும் இடத்தையோ நீர் தேங்கிய இடத்தையோ நெருங்கக் கூடாது.
2. வடிகால்: நீர் வெளியேற வழி செய்த பின்னரே சேற்றை அள்ள வேண்டும். அள்ளிய சேற்றை வாய்க்கால் ஓரத்தில் குவித்தால், அடுத்த மழையில் மீண்டும் அடைத்துக்கொள்ளும்.
3. தரம் பிரித்தல்: மரக்கிளை, நெகிழி, உடைந்த ஓடு, இறந்த விலங்குகள் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்க்க வேண்டும்.
4. குடிநீர்: கிணற்றின் கலங்கல் நீரை இறைத்த பின் பிளீச்சிங் பவுடர் இடுவது வழக்கம். 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. 2 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 12,500 லிட்டர் இருப்பதால், அதற்கு 31 கிராம் தேவை. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். எனவே சுகாதார ஆய்வாளரைக் கேட்டு இடுவது நல்லது. இட்டபின் குறைந்தது ஒரு மணி நேரம் நீரைப் பயன்படுத்தக் கூடாது.

பாதுகாப்பு

வெள்ளநீரில் கலக்கும் எலியின் சிறுநீர், தோலிலுள்ள காயங்கள் வழியே எலிக்காய்ச்சலைப் பரப்பும். எனவே முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் தேவை. ஆணி குத்தினாலோ தகரம் கிழித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரும் இறங்கக் கூடாது. பாதுகாப்பின்றி அவ்வேலையில் ஆட்களை ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வரம்புகள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு உற்பத்தி நடைபெறாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு அது வருமானம் குன்றும் காலம். வெள்ளம் வரப்புகளை உடைத்துப் பாத்திகளில் வண்டலை நிரப்பினால், உற்பத்தி மேலும் தள்ளிப்போகும். தெருவைச் சில நாட்களில் தூய்மை செய்துவிடலாம். பாத்திகளைச் சீரமைப்பது நீண்ட கால உழைப்பு. அவ்வுழைப்பைத் தன்னார்வத்தின் பெயரால் கூலியின்றிப் பெறுவது முறையாகாது. ஊராரின் உதவி முதல் நாட்களின் இடைவெளியை நிரப்பும். அதன்பின் வேண்டியவை கூலி, இயந்திரம், நிவாரணம் ஆகியவையே.