பேங்க் நெகாராவில் தொழிற்பயிற்சி: தோட்டத்துப் பிள்ளை என்ன கற்கலாம்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை, விடுமுறையில் பேங்க் நெகாராவில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தால் என்ன கற்கும்? "பணம் எண்ணுற வேலைதானே" என்று நினைச்சிடாதீங்க.

1959 ஜனவரி 26-இல் தொடங்கிய பேங்க் நெகாரா, நம்மைப் போன்றவர்களிடம் சேமிப்பு வாங்கும் வங்கி அல்ல. ரிங்கிட்டை வெளியிடுகிறது, வங்கிகளையும் காப்புறுதி நிறுவனங்களையும் கண்காணிக்கிறது. மூலதனச் சந்தையைக் கண்காணிப்பது 1993-இல் அமைந்த செக்யூரிட்டிஸ் கமிஷன். தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க.

இப்போ தோட்டத்துக்கு வருவோம். "ஆயிரம் வெள்ளி போடுங்க, மாசம் நூறு வெள்ளி வரும்" என்று ஒருவர் லயத்துக்கு வந்தால்? ஆண்டுக்கு 120 விழுக்காடு! எந்த வங்கி தரும்? இத்தகைய திட்டங்களில் பழைய ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் புதிய ஆள் போட்ட பணம்தான். ஆள் சேர்வது நின்றால் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு போச்சு.

உரிமம் இல்லாமல் வைப்புத்தொகை வாங்குவது 2013 நிதிச் சேவைச் சட்டப்படி குற்றம். பேங்க் நெகாரா இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கு. அதில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. உரிமம் உண்டா என்று பாருங்க. பிடிம் உறுப்பு வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை காப்பு உண்டு.

ஆசிரியர்களே, அந்த 120 விழுக்காட்டுக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டுங்க. பிள்ளைகள் அதை வீட்டில் சொல்லட்டும்.