பரத்பூரில் சைக்கிள் சவாரி

பள்ளிச் சுற்றுலாவில் ஆக்ரா சென்று தாஜ்மகாலைப் பார்த்துத் திரும்பிய மாணவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இனிமேல் போகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு, ஆக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரிலுள்ள பரத்பூருக்கும் போய் வாருங்கள். இராஜஸ்தானைச் சேர்ந்த இவ்வூரை ஒட்டியே கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது.

தேசியப் பூங்கா என்றதும் ஜீப்பும் கரடுமுரடான மலைப்பாதையும் நினைவுக்கு வரலாம். இங்கே இரண்டும் வேண்டாம். வாயிலிலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கும். மோட்டார் வண்டிகளை ஓரளவுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பூங்காவின் நடுவே கேவலாதேவ் கோயில் வரை சுமார் 5 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை போகிறது. இருபுறமும் மரங்கள், மரங்களுக்கு அப்பால் தண்ணீர். தாத்தா பாட்டி உடன் வந்தால் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிவிடலாம். ரிக்ஷா ஓட்டுகிறவர்களுக்குப் பறவைகளின் பெயர்கள் அத்துபடி. புத்தகத்தைப் புரட்டி நாம் தேடுவதற்குள் அவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள்.

சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஏன் தெரியுமா? நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 55 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மெதுவாக, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கர உராய்வும் காற்றின் தடையும் சேர்ந்து சுமார் 6 நியூட்டன்தான் இருக்கும். இப்போது 100 அடிக்கு 1 அடி ஏற்றம் வருகிறது என்று கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் ஏற்றம் என்றே தோன்றாது. ஆனால் உங்கள் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 5.4 நியூட்டன், உங்களைப் பின்னுக்கு இழுக்கும். மிதிக்கும் உழைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்! பரத்பூரில் இந்தத் தொல்லையே இல்லை. பூங்கா முழுவதும் தட்டை, பள்ளமான சமவெளி.

அந்தத் தட்டைதான் பறவைகளையும் அங்கே அழைக்கிறது. பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்; அதில் நீர் நிற்கும் பகுதி ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். ஆண்டொன்றுக்குத் தேவைப்படும் நீர் சுமார் 55 கோடி கன அடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கன மீட்டராக்கிப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழம் வருகிறதா? அதிலும் ஒரு பகுதி ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போய்விடும். மீதியுள்ள ஆழமற்ற நீர், நின்றபடியே மீன் பிடிக்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு மிகவும் வசதி. ஆழமான பகுதியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முழுகி மீன் பிடிக்கும். ஆழம் ஒரு சாண் மாறினால் சாப்பிட வரும் பறவையும் மாறும்.

இவ்வளவு நீரும் மழையால் மட்டும் வருவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் அரசர் சூரஜ்மல் காலத்தில் கட்டிய அஜான் அணைக்கரையில் தேங்கும் வெள்ளத்தைக் கால்வாய் வழியே உள்ளே விடுகிறார்கள். பின்வந்த அரசர்கள் கரைகளும் மதகுகளும் அமைத்தது வாத்து வேட்டைக்காக. கோயிலருகே வேட்டைக் கணக்குகளைப் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. 1938 நவம்பரில், வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்தபோது, ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273! சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கல்லைக் கட்டாயம் படியுங்கள்.

வேட்டை நின்றது. இடத்தைக் காக்க முயன்றவர்களில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முக்கியமானவர். 1985இல் இது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் பாதுகாப்பு என்பது வேலி போடுவதோடு முடிகிற வேலையா? 1982இல் எருமைகள் உள்ளே மேய்வதைத் தடுத்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். எருமைகள் தின்றுகொண்டிருந்த ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எருமைக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது என்று காட்டினர். அந்த வேலையைப் பிறகு மனிதர்கள் புல்லை வெட்டிச் செய்ய வேண்டியதாயிற்று.

நீருக்கும் தகராறுதான். கம்பீர் ஆற்றின் மேலே பாஞ்சனா அணை வந்தது. 2004இல் உழவர்கள் எதிர்த்ததால் பூங்காவுக்கு மிகக் குறைந்த நீரே கிடைத்தது. பயிர் வாடும்போது பறவைக்கு நீரா என்று உழவர் கேட்பதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பின்னர் வேறு வழிகளில் நீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு பறவையை மட்டும் நீங்கள் பார்க்க முடியாது. மேற்குச் சைபீரியாவிலிருந்து குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த வெண்ணிறச் சைபீரியக் கொக்கு, 1960களின் நடுவில் சுமார் 200 இருந்தது. வரும் வழியில் வேட்டையாடப்பட்டுக் குறைந்துகொண்டே போய், 2001-02 குளிர்காலத்தில் கடைசி இணை வந்தது. அதன் பின் வரவில்லை.

பார்க்கக் கிடைப்பவை இன்னும் ஏராளம். ஆகஸ்டு முதல் நாரைகள் கூடு கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வந்து தங்கும். குளிர்காலக் காலையில் மூடுபனி தரையோடு படிந்திருக்கும். அப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகளை எண்ணுங்கள். இறகில்லாத கால் வழியே வெப்பம் வெளியேறுவதைக் குறைக்க, மற்றக் காலை அவை இறகுக்குள் வைத்துக்கொள்கின்றன. பனி விலகியதும் மீண்டும் எண்ணி, இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். வெயிலில் மலைப்பாம்பு படுத்திருக்கக் கண்டால், தூரத்திலேயே நின்று பாருங்கள்.

நாரைகள் மட்டும் காலையில் உயரே பறக்க அவசரப்படா. பத்து மணிக்கு மேல், நீரைவிட விரைவில் சூடாகும் தரைமீது காற்று மேலெழும்பும். அப்போதுதான் அவை சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறும். எந்த இடத்தில் வட்டமிடுகின்றன, நீரின் மேலா, காய்ந்த புல்வெளியின் மேலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இருகண் நோக்கி வாங்கும்போது 20 மடங்கு பெரிதாக்குவது வேண்டும் என்று கடைக்காரரிடம் அடம் பிடிக்காதீர்கள். கை நடுக்கமும் 20 மடங்காகும். 8×40 போதும். 40ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம்; மங்கலான காலை வெளிச்சத்தில் விரிந்திருக்கும் கண்மணிக்கு அது பொருத்தமாக இருக்கும். குடிநீர், தொப்பி, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளைக் கிளப்புமுன் பிரேக்கையும் காற்றையும் பாருங்கள். மணியை மட்டும் அடிக்காதீர்கள்.