மணிக்கட்டில் ஒரு கிராணி

தோட்டத்து இளவட்டங்கள் பலரின் கையில் இப்போதெல்லாம் ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறது. மணி பார்க்க மட்டுமல்ல, எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி எரிந்தது என்று கணக்குச் சொல்லும் கெடிகாரம் அது. பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது, "அப்பா, உங்களுக்கு இனிப்புநீர் இருக்குல்ல, இதைக் கட்டிக்குங்க" என்று பெற்றவர்கள் கையிலும் மாட்டிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளின் அக்கறை நல்லதுதான். ஆனால் அந்தக் கெடிகாரம் எழுதுகிற கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? பால் நிறுக்கும்போது கிராணியார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தராசு முள்ளை எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இதையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முதலில் அடிக்கணக்கு. கெடிகாரத்துக்கு நம் காலைத் தெரியாது, கையைத்தான் தெரியும். அதன் உள்ளே அரிசிமணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. கை அசைவதை அது உணரும். நடக்கும்போது கை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் வீசுகிறதல்லவா, அந்தத் தாளத்தைப் பிடித்து அடியாக எண்ணிக்கொள்கிறது. தார் ரோட்டில் கையை வீசி நடப்பவருக்கு நல்ல கெடிகாரங்கள் ஏறக்குறையச் சரியாகவே எண்ணும். 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் 158 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நடக்கவிட்டுச் சோதித்தபோது, சில கம்பெனிகளின் கெடிகாரங்கள் அடிகளைச் சரியாக எண்ணின என்றே அதில் தெரிந்தது.

நம்முடைய வேலை ஆய்வுக்கூடத்து நடையா, தோழர்களே?

பால்மரம் சீவும் தாயாரை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம் நாலைந்து அடிதான். நடந்தார், நின்றார், கத்தியை இழுத்தார், மங்கைச் சரிசெய்தார், மறுபடி நாலடி. பல கெடிகாரங்கள் தொடர்ந்து சில அடிகள் விழுந்தால்தான் 'இது நடை' என்று ஒப்புக்கொள்ளும். நின்று நின்று போனால் அந்த நாலடியைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடலாம். நிரை முழுக்க இப்படியே போனால் விட்டுப்போன அடிகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்க.

செம்பனை வெட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். ஒற்றைச் சக்கர வண்டியில் குலைகளை ஏற்றிச் சேற்றில் தள்ளும்போது இரண்டு கையும் பிடியிலேயே இருக்கும். கை வீசவில்லை. ஆகவே கெடிகாரத்தைப் பொறுத்தவரை அவர் நடந்ததில் பாதி நடையே இல்லை! நீளக் கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து மட்டையை இழுக்கிறாரே, அதில் முதுகும் தோளும் படும் பாட்டை எழுத அந்தக் கிராணியிடம் பத்தியே கிடையாது.

தலைகீழாகவும் நடக்கும். செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் குலுங்கினால் சில கெடிகாரங்கள் அதை அடியாக எண்ணிவிடும். துணி அலசினாலும் அப்படியே. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அடிக்கிற தம்பிக்கு நின்ற இடத்திலேயே சில நூறு அடி ஏறினாலும் ஆச்சரியமில்லை.

சோதித்துப் பார்க்க டாக்டர் வேண்டாம். கெடிகாரத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, கையை வீசி 200 அடி வாய்விட்டு எண்ணி நடங்கள். எத்தனை கூடியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே 200 அடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கெடிகாரத்தின் யோக்கியதை. கைப்பேசியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் நடந்து பாருங்கள். கைப்பேசியே அடி எண்ணும். வண்டி தள்ளும்போது கை அசையாவிட்டாலும் தொடை அசையும், ஆதலால் பையில் இருக்கிற கைப்பேசி பல நேரம் மேலாக எண்ணும். கையில் உள்ள காசைப் போட்டு வாங்குவதற்குமுன் இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

இங்கே சங்கத்துக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்தக் கெடிகாரத்தை வைத்துத் தொழிலாளியின் உழைப்பை அளக்க நாளைக்கு யாராவது கிளம்பினால், மேலே சொன்ன 200 அடிச் சோதனையை அவர்கள் கண்முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

"ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்கணுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த எண் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னதல்ல. 1965-இல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி, இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர், என்று பெயர் வைத்தார்கள். வியாபாரப் பெயர் ஊரெல்லாம் வேதவாக்காகிவிட்டது! 2019-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, சராசரி 72 வயதுள்ள பெண்களைக் கவனித்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற பாட்டி 10,000 வரவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலா என்று பார்க்க அந்தக் கெடிகாரம் போதும்.

இனி கலோரி. வம்பு இங்கேதான். உடல் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று சரியாக அளக்க, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மாட்டி, உள்ளே போகும் பிராணவாயுவையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளக்க வேண்டும். கெடிகாரம் அதைச் செய்வதில்லை. நாம் கொடுத்த வயது, எடை, உயரம், ஆணா பெண்ணா என்பது, அதனுடன் கை அசைவு, நாடித் துடிப்பு, இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 60 பேரை வைத்து 7 கருவிகளைச் சோதித்தது. நாடித் துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே அளந்தன. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவிக்கே சராசரியாக 27 விழுக்காடு பிசகு; மிக மோசமானதற்கு 93 விழுக்காடு. நான் முன்பு சொன்ன 158 கட்டுரைத் திரட்டிலும், கலோரிக் கணக்கில் எந்தக் கம்பெனியும் தேறவில்லை.

நாடியை வைத்து ஊகிப்பதில் நமக்கு இன்னொரு சிக்கல். வெயிலில் வேலை செய்தால், தண்ணீர் குறைந்தால், உழைப்பு கூடாமலே நாடி வேகமாகும். கெடிகாரம் அதிக கலோரி எழுதிவிடும். இரத்த அழுத்தத்துக்கு அடெனோலோல், மெட்டோபுரோலோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி மெதுவாகவே ஓடும். எவ்வளவு உழைத்தாலும் குறைத்தே எழுதும்.

இன்னும் ஒன்று. பல கெடிகாரங்கள் காட்டும் மொத்தக் கலோரியில், நாம் சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் செலவாகும் கலோரியும் சேர்ந்திருக்கிறது. சராசரி ஆளுக்கு அதுவே நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். 2,000 என்று பார்த்ததும், "இன்னிக்கு ரெண்டாயிரம் எரிச்சாச்சு, இன்னொரு ரொட்டி சானாய் போடு" என்று சொன்னால் கதை கந்தல்தான். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 50 கலோரி. தேத்தண்ணியில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பால் இரண்டு பெரிய கரண்டி 120 கலோரிக்குக் குறையாது. பசியாறும்போது குடிக்கிற ஒரு கிளாசுக்கே இரண்டு கிலோமீட்டருக்குமேல் நடக்க வேண்டும்.

2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்கள் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அதைவிட அதிகம். ஆகவே சோற்றைக் கூட்டவோ குறைக்கவோ, மருந்தை விடவோ இந்தக் கலோரி எண்ணைக் கேட்காதீர்கள். முக்கியமாக, இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் "கெடிகாரம் குறைவாகக் காட்டுது" என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், சர்க்கரை திடீரென இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். வெளிக்காட்டில் தனியாக இருக்கும்போது அது உயிருக்கே ஆபத்து.

மருந்து தெளிக்கப் போகும் சகோதரிகள் கெடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பட்டைக்கு அடியில் புகுந்த மருந்து தோலிலேயே ஊறிக்கிடக்கும்.

கடைசியாக ஒன்று. ஊசி குத்தாமல் சர்க்கரையும் காட்டும் என்று மலிவு விலையில் சில கெடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. தோலைக் குத்தாமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கெடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்டதை யாராவது பரிசாகக் கொடுத்தால் மணி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்தே ஆக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. போகும்போது சாப்பிடுகிற மாத்திரைகளையும் பழைய அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.